ஆவணத்திலிருந்து ரூட் கோப்பு வரை: ஆர்க் மோடின் டாங்கிள் வசதியும் டிராம்ப் இணைப்பும் – ஒரு மதிப்புரை

தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழங்கியின் அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் கொண்டு நுழைவதைத் தடுக்கும் வரி ஒன்று இருக்கும். அந்த வரி என்ன செய்கிறது என்பதைக் கையேடு சொல்லிவிடும். அதை இந்த வழங்கியில் எதற்காகச் சேர்த்தோம், சேர்ப்பதற்கு முன் எதையெல்லாம் சரிபார்த்தோம், எந்தப் பயனருக்கு மட்டும் விலக்கு அளித்தோம் என்பவற்றை எந்தக் கையேடும் சொல்லாது. விளக்கத்தையும் நிரலையும் ஒரே ஆவணத்தில் எழுதி, கணினிக்கு வேண்டிய கோப்புகளை அந்த ஆவணத்திலிருந்தே பிரித்தெடுக்கும் லிட்டரேட் புரோகிராமிங் முறை இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் அமைப்புக் கோப்புகளில் பெரும்பாலானவை, கணினியின் முழு உரிமை கொண்ட ரூட் பயனர் மட்டுமே எழுதக்கூடிய அடைவுகளில் இருக்கின்றன. பல வேளைகளில் அவை வேறொரு கணினியிலும் இருக்கின்றன. பிரித்தெடுத்த நிரல் அந்த இடங்களுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. ஈமாக்ஸ் உரைத் தொகுப்பானுக்குள் இயங்கும் ஆர்க் மோடின், நிரலைப் பிரித்தெடுக்கும் டாங்கிள் வசதியை, அதே தொகுப்பானின் டிராம்ப் நிரலோடு சேர்த்துப் பயன்படுத்திவரும் ஒருவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு இந்தக் கூட்டணி தரும் விடையை இங்கே மதிப்பிடுகிறேன்.

டாங்கிள் என்ற பெயர் ஆர்க் மோடில் பிறந்ததன்று. டொனால்ட் கனூத் 1984இல் லிட்டரேட் புரோகிராமிங் முறையைக் கட்டுரையாக வெளியிட்டபோது, தம்முடைய வெப் என்ற அமைப்பை இரண்டு நிரல்களாகப் பகுத்திருந்தார். வீவ் என்பது மனிதர் படிப்பதற்கான அச்சு வடிவத்தைத் தரும். டாங்கிள் என்பது கணினி படிப்பதற்கான பாஸ்கல் நிரலைத் தரும். டெக் அச்சுக்கோப்பு அமைப்பு முழுவதும் அந்த முறையில்தான் எழுதப்பட்டது. கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தொடங்கிய ஆர்க் மோட், குறிப்பும் பணிப்பட்டியலும் எழுதுவதற்கான எளிய கருவியாகவே இருந்தது. எரிக் ஷுல்ட்டும் டான் டேவிசனும் உருவாக்கிய பேபல் அதனோடு சேர்ந்த பிறகே பல மொழி நிரல்களைத் தாங்கும் ஆவணமாக அது வளர்ந்தது. தொலைக் கணினியின் கோப்புகளை உள்ளூர்க் கோப்புகளைப் போலவே திறக்கவும் எழுதவும் உதவும் டிராம்ப், ஈமாக்ஸோடு சேர்த்தே கிடைக்கிறது. இவை அனைத்தும் ஜிபிஎல் உரிமத்தில் விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்கள். தனியாக நிறுவ வேண்டியது எதுவும் இல்லை.

கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் கீழே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். கணினியில் இடும்போது வழக்கமான எழுத்துகளிலேயே இட வேண்டும்.

ஆர்க் ஆவணத்தில் ஒவ்வொரு நிரல் துண்டின் தலைவரியிலும் ':டாங்கிள்' என்ற சொல்லை அடுத்து ஒரு கோப்பின் பெயரைக் கொடுக்கலாம். 'கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி, டி' என்று விசைகளை அழுத்தினால், ஆவணத்தில் உள்ள துண்டுகள் எல்லாம் தத்தமக்குக் குறித்த கோப்புகளில் எழுதப்படும். ஒரே கோப்பின் பெயரைத் தாங்கிய பல துண்டுகள், ஆவணத்தில் வரும் வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்படும். இவ்வளவுதான் அடிப்படை. இந்தக் கூட்டணியின் அழகு என்னவென்றால், அந்தக் கோப்பின் பெயர் இருக்கும் இடத்தில் டிராம்ப் புரிந்துகொள்ளும் முகவரி ஒன்றை அப்படியே எழுதிவிடலாம். '/சூடோ::/இடிசி/கிரான்.டி/காப்பு' என்று எழுதினால், டாங்கிள் செய்யும் நேரத்தில் ஈமாக்ஸ் சூடோ (சாதாரணப் பயனருக்கு ரூட் உரிமை தரும் கட்டளை) கடவுச்சொல்லைக் கேட்டு, ரூட் உரிமையோடு அந்தக் கோப்பை எழுதும். '/எஸ்எஸ்எச்:பயனர்@வழங்கி:/பாதை' என்று எழுதினால் தொலைக் கணினியில் எழுதும். இதற்கெனத் தனி வசதி எதுவும் பேபலில் சேர்க்கப்படவில்லை. கோப்பில் எழுதும் ஈமாக்ஸின் அடிப்படைச் செயற்கூறு, பாதையின் தொடக்கத்தைப் பார்த்து வேலையை டிராம்பிடம் ஒப்படைத்துவிடுகிறது. தான் எழுதும் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்பதைப் பேபல் அறிய வேண்டிய தேவையே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட ஒரு நல்ல வடிவமைப்பு முடிவு, அதை எடுத்தவர்கள் நினைத்திராத இடத்திலும் பலன் தருவதைக் காண உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

தொலைக் கணினியில், அதுவும் ரூட் உரிமையோடு எழுத வேண்டும் என்ற தேவையே நடைமுறையில் அதிகம் எழுகிறது. ரூட் பயனராக நேரடியாக எஸ்எஸ்எச் வழியே நுழைவதைப் பெரும்பாலான வழங்கிகள் தடுத்திருக்கும், தடுத்திருப்பதே சரி. இங்கே டிராம்பின் பலதாவல் முகவரி கைகொடுக்கிறது. '/எஸ்எஸ்எச்:பயனர்@வழங்கி|சூடோ:வழங்கி:/இடிசி/…' என்று நிலைக்கோட்டுக் குறியால் இரண்டு படிகளை இணைத்தால், முதலில் சாதாரணப் பயனராக உள்ளே சென்று, பிறகு அங்கே சூடோ வழியாக ரூட் உரிமை பெற்று எழுதுகிறது. இரண்டாவது படியிலும் வழங்கியின் பெயரை மறுபடி எழுதிவிடுவது நல்லது. பழைய பதிப்புகளில் அதை விட்டுவிட்டால் எந்தக் கணினியின் ரூட் என்ற குழப்பம் வரும். ரூட் அல்லாத வேறு பயனராக எழுத வேண்டுமானால் '/சூடோ:போஸ்ட்கிரஸ்@லோக்கல்ஹோஸ்ட்:/…' என்பதுபோல் அந்தப் பயனரின் பெயரைக் கொடுக்கலாம். சூடோவுக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் டூயாஸ் பயன்படுத்துவோருக்கும் வழி உண்டு. 2023இல் வெளிவந்த ஈமாக்ஸ் 29 முதல், டாக்கர், பாட்மேன், குபர்னெட்டீஸ் ஆகியவற்றில் இயங்கும் கொள்கலன்களையும் (நிரல்களைத் தனித்த சூழலில் இயக்கும் பெட்டிகள்) டிராம்ப் தானே அணுகுகிறது என்பதால், அவற்றின் உள்ளேயும் இதே முறையில் கோப்பை இறக்கலாம். ஆனால் கொள்கலன் மறுபடி உருவாக்கப்படும்போது அந்தக் கோப்பு போய்விடும்; ஆகவே சோதனைக்கு மட்டுமே அது உகந்தது.

இதனோடு துணைநிற்கும் சில அமைப்புகளும் நன்றாகவே செயல்படுகின்றன. இல்லாத அடைவை உருவாக்கச் சொல்லும் ':எம்கேடிர்பி எஸ்' என்பது தொலைக் கணினியிலும் வேலை செய்கிறது. கோப்பின் அனுமதியைக் குறிக்கும் ':டாங்கிள்-மோட்' என்பதும் அப்படியே. அந்த அனுமதியை முன்பு, ஈமாக்ஸின் நிரல்மொழியான லிஸ்பில் ஒரு கோவையாக எழுத வேண்டியிருந்தது, ஆர்க் 9.6 முதல் 'ஓ440' என்று நேரடியாக எழுதலாம். முகவரி இருக்கும் இடத்தில் அடைப்புக்குறியோடு தொடங்கும் லிஸ்ப் கோவையைக் கொடுத்தால், அது கணக்கிடப்பட்டுக் கிடைக்கும் மதிப்பே கோப்பின் பெயராகும். கணினியின் பெயரைச் சோதித்து, மடிக்கணினியில் இருக்கும்போது உள்ளூர்ப் பாதையையும், அலுவலகக் கணினியில் இருக்கும்போது 'நோ' என்ற விடையையும் தரும் ஒரு கோவையை ஒருமுறை எழுதிவிட்டால், ஒரே ஆவணம் பல கணினிகளில் அதனதன் வேலையை மட்டும் செய்யும். ஒரு தலைப்பின் கீழ் உள்ள துண்டுகள் அனைத்துக்கும் பொதுவான முகவரியை அந்தத் தலைப்பின் பண்புப் பெட்டியில் எழுதலாம் என்பதால், வழங்கிக்கு ஒரு தலைப்பு என்று ஆவணத்தை அடுக்குவது எளிதாகிறது.

கடவுச்சொற்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விளக்கம் எழுதிய ஆவணம், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியத்துக்குப் போகும். நண்பர் கேட்டால் அனுப்பிவைக்கப்படும். தரவுத்தளக் கடவுச்சொல் அதில் எழுத்தாக இருக்கக் கூடாது. நோவெப் குறியீட்டின் வழியே இதற்கு ஒரு நேர்த்தியான தீர்வு உண்டு. இரட்டைக் கோண அடைப்புக்குள் இன்னொரு துண்டின் பெயரை வளைவு அடைப்புக்குறியோடு எழுதினால், டாங்கிள் செய்யும் நேரத்தில் அந்தத் துண்டு இயக்கப்பட்டு, அதன் விடை அந்த இடத்தில் வந்து அமரும். பாஸ் போன்ற கடவுச்சொல் பெட்டகத்திலிருந்து ஒரு வரியைக் கேட்டு வாங்கும் சிறு துண்டு இருந்தால் போதும். ஆவணத்தில் பெயர் மட்டுமே இருக்கும், சென்று சேரும் கோப்பில் மதிப்பு இருக்கும். இந்த ஒரு வசதிக்காகவே பேபலை நான் மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பதுண்டு.

குறைகளில் முதலாவது, காப்புப்படி இல்லாமை. ஈமாக்ஸில் கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்தால், பழைய வடிவம் அலைக்குறியோடு முடியும் பெயரில் அருகிலேயே பாதுகாக்கப்படும் என்ற பழக்கம் நமக்கு இருக்கிறது. டாங்கிள் அந்த வழியில் செல்வதில்லை. தற்காலிக இடத்தில் உரையைச் சேர்த்து, நேராகக் கோப்பின் மீது எழுதிவிடுகிறது; பழைய உள்ளடக்கத்தின் சுவடு எங்கும் இருக்காது. உள்ளூர்த் திட்ட அடைவில் இது பொருட்டன்று, ஏனென்றால் அந்தக் கோப்புகள் ஆவணத்திலிருந்து பிறந்தவையே. ஆனால் கணினியின் அமைப்புக் கோப்புகளுக்கான '/இடிசி' அடைவில் உள்ள கோப்பு அப்படிப்பட்டதன்று. இயங்குதளத்தை நிறுவிய நிரல் அதில் சில வரிகளை எழுதியிருக்கும்; தொகுப்பு மேலாளர் சிலவற்றைச் சேர்த்திருக்கும்; உடன் பணிபுரிபவர் இரவு நேரத்தில் அவசரமாக ஒன்றைத் திருத்தியிருக்கலாம். அவை அத்தனையும் ஒரு விசையழுத்தத்தில், எந்தக் கேள்வியும் இல்லாமல் போய்விடும். உள்ளடக்கம் மாறியிருக்கிறதா என்று அண்மைப் பதிப்புகள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன என்பது உண்மை. ஆனால் அது ஒன்றாகவே இருந்தால் எழுதாமல் விடுவதற்காக மட்டுமே. வேறாக இருந்தால் எச்சரிப்பதற்காக அன்று.

இரண்டாவது குறை இதைவிடத் தீவிரமானது. டாங்கிள் தான் எழுதுவது சரியான இலக்கணத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. சூடோவை யார் பயன்படுத்தலாம் என்று குறிக்கும் சூடோயர்ஸ் கோப்பைத் திருத்துவதற்கென்றே விசூடோ என்ற கட்டளை இருப்பதன் காரணத்தை எண்ணிப் பார்க்கலாம். அது கோப்பைப் பூட்டுகிறது, தற்காலிகப் படியில் திருத்தச் சொல்கிறது, இலக்கணம் சரியாக இருந்தால் மட்டுமே உரிய இடத்தில் வைக்கிறது. அந்தப் பாதுகாப்புகள் அனைத்தையும் தாண்டி, '/சூடோ::/இடிசி/சூடோயர்ஸ்.டி/' அடைவுக்குள் ஒரு கோப்பை டாங்கிள் நேரடியாக இறக்கிவிடுகிறது. அந்தக் கோப்பில் ஒரு பிழை இருந்தால், சூடோவே இயங்க மறுக்கும் நிலை வரலாம். பிழையைத் திருத்தி மறுபடி டாங்கிள் செய்வதற்கும் அதே சூடோ வேண்டும். தொலைவில் உள்ள, ரூட் நுழைவு தடுக்கப்பட்ட வழங்கியில் இதன் பொருள் என்ன என்பதை நிர்வாகப் பணியில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எஸ்எஸ்எச் வழங்கியின் அமைப்புக் கோப்புக்கும் இதே அபாயம் உண்டு.

அனுமதி பற்றிய குறை சிறியது, ஆனால் கவனிக்கத்தக்கது. கோப்பு எழுதப்பட்ட பிறகே ':டாங்கிள்-மோட்' குறித்த அனுமதி அதற்கு இடப்படுகிறது. புதிதாக உருவாகும் கோப்பு, அந்த இடைவெளியில், இயல்பான அனுமதியோடு எல்லோரும் படிக்கக்கூடியதாக இருக்கலாம். உள்ளூரில் அது கண்ணிமைக்கும் நேரம்; மெதுவான இணைப்பில் சற்று நீளும். தனித்திறவுகோல் போன்றவற்றைப் பிறர் நுழைய முடியாத அடைவுக்குள் மட்டுமே இறக்குவது இதற்கு எளிய தீர்வு. மேலும், பழைய ஆர்க் பதிப்புகள் ஏற்கெனவே உள்ள கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கின. அதனால் குறியிணைப்பாக (வேறொரு கோப்பைச் சுட்டுவதாக) இருந்த கோப்பு சாதாரணக் கோப்பாக மாறும், வேறு பயனருக்கு உரியது ரூட் பயனருக்கு உரியதாகிவிடும். புதிய பதிப்புகளில் இந்த நடத்தையைக் கட்டுப்படுத்தும் மாறி சேர்க்கப்பட்டுள்ளது. நீண்டகால ஆதரவுப் பதிப்பாக வரும் லினக்ஸ் வழங்கல்களோடு பழைய ஈமாக்ஸ் வைத்திருப்பவர்கள், முதலில் ஆர்க் மோடை மட்டுமாவது புதுப்பித்துக்கொள்வது நல்லது.

பல வழங்கிகளை ஒரே ஆவணத்தில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். டாங்கிள் ஒவ்வொரு கோப்பாக எழுதிக்கொண்டே போகிறது. இடையில் ஒரு வழங்கி கிடைக்காவிட்டால் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். அதற்கு முந்தியவை எழுதப்பட்டிருக்கும், பிந்தியவை எழுதப்பட்டிருக்காது. ஒன்று எழுதப்படாவிட்டால் எதையும் எழுதாதே என்று சொல்ல வழியில்லை. ஆகவே முழு ஆவணத்தையும் ஒரே அழுத்தத்தில் டாங்கிள் செய்யும் பழக்கத்தை, தொலை முகவரிகள் உள்ள ஆவணங்களில் நான் கைவிட்டுவிட்டேன். 'கண்ட்ரோல்-யு' என்ற முன்னொட்டை ஒருமுறை அழுத்திவிட்டுக் கட்டளையை இட்டால், குறிமுள் (கர்சர்) இருக்கும் துண்டு மட்டும் எழுதப்படும். இருமுறை அழுத்தினால், அந்தத் துண்டின் இலக்குக் கோப்புக்கு உரிய எல்லாத் துண்டுகளும் எழுதப்படும். இரண்டாவதுதான் பாதுகாப்பானது, ஏனென்றால் ஒரு கோப்பு பல துண்டுகளால் ஆனதாக இருக்கும்போது முதல் முறை அந்தக் கோப்பில் ஒரு துண்டை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நீக்கிவிடும். கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் தானாக டாங்கிள் செய்யும் துணைநிரல்களைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். ரூட் முகவரி ஒன்றேனும் உள்ள ஆவணத்தில் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டிராம்பின் வேகமும் நம்பகமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். திறவுகோல் வழி நுழைவும், திறவுகோலை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்ட்டும் இருந்தால் எஸ்எஸ்எச் பகுதி கேள்வி கேட்காமல் முடிகிறது. சூடோ இணைப்பு, பயன்படுத்தாமல் விட்டால், ஐந்து நிமிடங்களில் தானாக மூடப்படுகிறது. அது இயல்பான, நல்ல பழக்கம். முனையத்தில் வண்ணமும் படங்களும் நிறைந்த தூண்டியை (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரியை) அமைத்திருக்கும் பயனர்களுக்குத்தான் சிக்கல் வருகிறது. தொலைக் கணினியின் தூண்டி எங்கே முடிகிறது என்று டிராம்பால் அறிய முடியாமல், ஈமாக்ஸ் அசையாமல் நின்றுவிடும். டிராம்ப் தன் முனைய வகையை 'டம்ப்' என்று அறிவித்தே நுழைகிறது. எனவே அந்த வகை வந்தால் எளிய தூண்டியை மட்டும் காட்டு என்று ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். தொங்கிப்போன இணைப்புகளை ஒட்டுமொத்தமாக மூட, 'டிராம்ப்-கிளீனப்-ஆல்-கனெக்ஷன்ஸ்' என்ற கட்டளை இருக்கிறது.

மாற்றுக் கருவிகளோடு ஒப்பிட்டால் இதன் இடம் தெளிவாகும். நார்மன் ராம்சியின் நோவெப் இந்தச் சிக்கலை முற்றிலும் வேறு வழியில் அணுகுகிறது. அதன் நோடாங்கிள் கட்டளை கோப்பில் எழுதுவதில்லை. பிரித்தெடுத்த நிரலைத் திரைக்கு, அதாவது இயல்பான வெளியீட்டுக்கு அனுப்புகிறது. அதை ஒரு குழாய் வழியே 'சூடோ டீ' கட்டளைக்கோ எஸ்எஸ்எச் கட்டளைக்கோ நாமே திருப்பிவிடலாம். நடுவில் சோதனைக் கட்டளை ஒன்றையும் நுழைக்கலாம். யுனிக்ஸ் மரபின்படி இது தூய்மையான தீர்வு. ஆனால் எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்ற செய்தி ஆவணத்தில் இருக்காது; தனியே, கட்டளைகளை அடுக்கிய ஒரு மேக்ஃபைலில் இருக்கும். ஜுபிட்டர் குறிப்பேடுகளிலிருந்து நிரலைப் பிரிக்கும் என்பிகன்வர்ட்டும், ஆர் மொழிக்கான நிட்ர் தொகுப்பின் பர்ல் செயற்கூறும் உள்ளூர்க் கோப்போடு நின்றுவிடுகின்றன. அவை தரவு ஆய்வுக்கானவை என்பதால் அதில் குறை காண இயலாது.

உண்மையான போட்டி, பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் அன்சிபிளோடுதான். கோப்பை நகலெடுக்கும் அதன் கூறில் 'பேக்கப்' என்ற அமைப்பும் 'வாலிடேட்' என்ற அமைப்பும் உண்டு. விசூடோ கொண்டு சோதித்து, சரியாக இருந்தால் மட்டும் வை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நூற்றுக்கணக்கான வழங்கிகளுக்கு ஒரே கோப்பை அனுப்பவும், இடையில் ஒன்று விழுந்தால் மற்றவற்றைத் தொடரவும் அதனால் முடியும். டாங்கிளில் இவை எவையும் இல்லை. பல வழங்கிகளைக் குழுவாகப் பராமரிக்கும் இடத்தில், டாங்கிளை நேரடியாகப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அன்சிபிளின் யாமல் கோப்பில் காரணம் எழுத இடம் மிகக் குறைவு. ஒரு விதியின் பின்னணியில் உள்ள அளவீடு, தோல்வி கண்ட மாற்று வழி, அதைச் சோதித்த கட்டளை, அதன் வெளியீடு ஆகியவற்றை நான்கு பத்திகளில் எழுதி, அதன் கீழேயே அந்த விதியையும் வைக்கும் வசதியை ஆர்க் ஆவணம் மட்டுமே தருகிறது. இரண்டையும் சேர்த்து, அன்சிபிளின் கோப்புகளையே ஆர்க் ஆவணத்திலிருந்து உள்ளூரில் டாங்கிள் செய்பவர்களும் இருக்கிறார்கள்; பெரிய இடங்களுக்கு அது மிகப் பொருத்தமான உடன்பாடு.

ஒன்றிரண்டு வழங்கிகளையும் தன் மடிக்கணினியையும் தானே கவனித்துக்கொள்ளும் ஒருவருக்கு இந்தக் கூட்டணியை மனமாரப் பரிந்துரைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: டாங்கிள் எப்போதும் முழுக் கோப்பையும் எழுதும் என்பதால், முழுமையாக நமக்கே உரிய கோப்புகளை மட்டுமே அதன் இலக்காக வைக்க வேண்டும். இன்றைய லினக்ஸ் வழங்கல்கள் இதற்கு நல்ல வாய்ப்பைத் தந்திருக்கின்றன. பெரும்பாலான சேவைகளுக்கு, முதன்மைக் கோப்பைத் தொடாமல் துண்டுக் கோப்புகளை இடுவதற்கென்று '.டி' என்று முடியும் அடைவு ஒன்று இருக்கிறது. சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் அலகுகளுக்கும், கெர்னலின் சிஸ்கன்ட்ரோல் மதிப்புகளுக்கும், குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரானுக்கும், சூடோவுக்கும் அது உண்டு. 2020இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.2 முதல் அதன் வழங்கிப் பகுதியும் பிற கோப்புகளை உள்ளே சேர்த்துக்கொள்கிறது. டெபியனும் உபுண்டுவும் அதற்கான அடைவை ஏற்படுத்தியே வைத்திருக்கின்றன. அங்கே நம் பெயரில் ஒரு கோப்பை வைத்தால், தொகுப்பு மேம்பாட்டின்போது முதன்மைக் கோப்பைப் பற்றிய கேள்வி எழாது; டாங்கிள் மேலெழுதினாலும் நாம் முன்பு எழுதியதுதான் போகும், அதன் பழைய வடிவம் ஆவணத்தின் கிட் வரலாற்றில் இருக்கும். காப்புப்படி இல்லை என்ற முதல் குறை இந்த ஏற்பாட்டில் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. பெயர் வைப்பதில் மட்டும் கவனம் வேண்டும். டெபியனில் 'கிரான்.டி' அடைவிலும், எல்லா இடத்திலும் 'சூடோயர்ஸ்.டி' அடைவிலும், பெயரின் நடுவே புள்ளி உள்ள கோப்புகள் சத்தமின்றித் தவிர்க்கப்படும்; எழுதிய விதி ஏன் இயங்கவில்லை என்று வெகுநேரம் தேட வேண்டியிருக்கும். எஸ்எஸ்எச் அடைவிலோ நேர்மாறாக, '.கான்ஃப்' என்று முடியும் கோப்புகளே பொதுவாகச் சேர்க்கப்படுகின்றன. அங்கே ஒரே அமைப்பு இருமுறை வந்தால் முதலில் படிக்கப்பட்டதே செல்லும் என்பதால், பெயரின் தொடக்கத்தில் எண் இட்டு வரிசையை உறுதிசெய்துகொள்ள வேண்டும். '/இடிசி/ஹோஸ்ட்ஸ்' போல இத்தகைய அடைவு இல்லாத கோப்புகளை நான் டாங்கிளின் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறேன்.

வழங்கியில் கைவைத்துத் திருத்தியதை ஆவணத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் டீடாங்கிள் வசதியைப் பலர் புகழ்கிறார்கள். ':காமென்ட்ஸ் லிங்க்' என்று குறித்து, இணைப்புக் கருத்துரைகளோடு டாங்கிள் செய்திருந்தால்தான் அது இயங்கும். ஜேசன் போலக் கருத்துரைக்கே இடமில்லாத வடிவங்களில் அது பயன்படாது. மற்றவற்றிலும் அமைப்புக் கோப்பு முழுவதும் இணைப்பு வரிகள் நிறைந்துவிடுவதால் எனக்கு அது உவப்பாக இல்லை. திருத்தத்தை ஆவணத்தில் மட்டுமே செய்வது என்ற ஒழுங்கு அதைவிட எளிது.

இலக்கணப் பிழையால் நம்மையே வெளியே நிறுத்திவிடக்கூடிய சூடோ, எஸ்எஸ்எச், தீச்சுவர்க் கோப்புகளுக்கு நேரடி டாங்கிள் கூடாது. இரண்டு படிகள் வேண்டும். முதலில், துண்டின் முகவரியை ரூட் பாதைக்குப் பதிலாக அதே வழங்கியில் உள்ள சாதாரணப் பயனரின் இல்ல அடைவுக்குள், பிறர் நுழைய இயலாத ஓர் உள்ளடைவாகக் குறிக்க வேண்டும். அதன் கீழேயே ஒரு ஷெல் துண்டை எழுதி, அதன் ':டிர்' மதிப்பாகப் பலதாவல் சூடோ முகவரியைக் கொடுத்தால், அந்தத் துண்டு தொலைக் கணினியிலேயே ரூட் உரிமையோடு இயங்கும். அதில் இரண்டே கட்டளைகள் போதும்: 'விசூடோ -சிஎஃப்' கொண்டு கோப்பைச் சோதிப்பது, அது வெற்றி பெற்றால் மட்டும் 'இன்ஸ்டால் -எம் 0440' கொண்டு உரிய இடத்தில் வைப்பது. எஸ்எஸ்எச் கோப்புக்கு வரிசை சற்று மாறும், ஏனென்றால் துண்டுக் கோப்பை முதன்மைக் கோப்போடு சேர்த்தே சோதிப்பது நம்பகமானது. ஆகவே வைத்த பிறகு 'எஸ்எஸ்எச்டி -டி' இட்டு, பிழை சொன்னால் உடனே எடுத்துவிட்டு, பிழையில்லாதபோது மட்டும் சேவையை மறுபடி ஏற்றச் சொல்ல வேண்டும். அந்த மறுஏற்றம் முடியும்வரை இன்னொரு முனையத்தில் ஓர் இணைப்பைத் திறந்தே வைத்திருப்பது நல்லது. ஷெல் துண்டை இயக்கும் முன் ஆர்க் மோட் ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்கும். அந்தக் கேள்வியை எல்லா ஆவணங்களுக்கும் நிறுத்திவைப்பவர்கள் உண்டு. ரூட் முகவரியில் இயங்கும் துண்டு உள்ள ஆவணத்தில் அதை இயல்பு நிலையிலேயே விட்டுவிடுங்கள்.